இரவல் வெளிச்சம் எத்தனை நாள்?

எழுதுவது ஒரு பாடு என்றால், எழுதியதை நாலு பேர் கண்ணில் பட வைப்பது அதைவிடப் பெரும்பாடு. இணையதளம் நடத்தும் சிற்றிதழ் ஆசிரியர், பாடக்குறிப்புகளை ஏற்றிவைக்கும் பள்ளி ஆசிரியர், புடவை விற்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், ஊர் வரலாற்றைத் தொகுக்கும் ஆர்வலர் என எல்லோருக்கும் இந்தப் பாடு பொது. இதற்கு எல்லோரும் சொல்லித்தரும் வழியும் ஒன்றுதான்: கூட்டம் கூடும் இடத்துக்குப் போய்க் கடை விரியுங்கள். இன்றைக்கு அந்த இடம் கூகுள் தேடல், அதன் டிஸ்கவர் பகுதி, ஃபேஸ்புக், யூடியூப். கால் நூற்றாண்டுக்கு முன்னால் அந்த இடத்தின் பெயர் யாகூ. பெருந்தளங்களின் சேவைகள் வழியாக வாசகரை அடைவதில் தவறு எதுவும் இல்லை. ஆனால், அப்படி வரும் வாசகர் அந்தத் தளம் நமக்கு இரவல் கொடுத்தவர். கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். இரவலாக வந்தவரை நம் வீட்டுக்கு வழி தெரிந்தவராக மாற்றிக்கொள்ளாதவரை, எத்தனை ஆயிரம் பேர் வந்துபோனாலும் நம் கையில் ஒன்றும் மிஞ்சாது. இதை நிறுவ ஊகங்கள் தேவையில்லை; யாகூவின் கதையே போதும்.

1994 ஜனவரியில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் இணையதளங்களின் பட்டியல் ஒன்றைத் தொகுக்கத் தொடங்கினார்கள். முதலில் தங்கள் இருவர் பெயரிலேயே வழிகாட்டி என்று அழைத்த அதற்குச் சில மாதங்களுக்குள் யாகூ என்று பெயர் வைத்தார்கள். 1995 மார்ச்சில் அது நிறுவனமானது. 1996 ஏப்ரலில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் உயிர்நாடி, தொலைபேசி டைரக்டரி போன்ற ஒரு தள டைரக்டரி. கலை, வணிகம், கல்வி, அறிவியல் என 14 பெருந்தலைப்புகள், அவற்றுக்குள் கிளைகள், கிளைக்குள் கிளைகள். ஒரு தளத்தை எந்தக் கிளையில் சேர்ப்பது, ஒரே வரியில் எப்படி அறிமுகம் செய்வது என்பதையெல்லாம் மனிதர்களே பார்த்து முடிவுசெய்தார்கள். அந்த வகைப்பாட்டுக்கு ஒழுங்கு தந்தவர், நிறுவனத்தின் தொடக்க கால ஊழியர்களில் ஒருவரான ஸ்ரீநிஜா ஸ்ரீனிவாசன். தளம் வைத்திருப்பவர் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். பட்டியலில் பெயர் வந்துவிட்டால் வாசகர் வரத் தொடங்குவார்கள். வராவிட்டால் அந்தத் தளம் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு கிளையிலும் தளங்கள் அகரவரிசையில் நின்றதால், முதலில் நிற்பதற்காகவே ஆங்கிலத்தின் முதல் எழுத்தில் தொடங்கும் பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள் உண்டு. வெளிச்சம் தருபவரின் விதிக்கு ஏற்ப நம் பெயரையே மாற்றிக்கொள்ளும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

தொடக்கத்தில் இந்தச் சேவை இலவசம். விண்ணப்பங்கள் குவியக் குவிய, பணம் கட்டினால் விரைவாகப் பரிசீலிக்கும் ஏற்பாடு 1999-ல் வந்தது. 2001-ன் இறுதியில், வணிகத் தளங்கள் ஆண்டுதோறும் 299 டாலர் கட்ட வேண்டும் என்றானது. கட்டினாலும் இடம் உறுதி இல்லை. அது பரிசீலனைக்கான கட்டணம் மட்டுமே. வணிகர்கள் கட்டினார்கள். ஏனென்றால் யாகூவில் ஒரு சொல்லைத் தேடும்போது டைரக்டரியில் இருக்கும் தளங்களே முதலில் தெரிந்தன. ஓராண்டுகூட ஆகவில்லை. 2002 அக்டோபரில் யாகூ தன் தேடல் பக்கத்தை மாற்றியது. டைரக்டரிப் பதிவுகளுக்குக் கொடுத்துவந்த முதலிடத்தை எடுத்துவிட்டு, கணினியே தேடித் திரட்டிய முடிவுகளை முன்னால் வைத்தது. பயனாளிகளின் பார்வையில் அது சரியான முடிவுதான். இணையம் மனிதக் கைகளால் வகைப்படுத்த முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது. ஆனால், எந்த இடத்தை நம்பி வணிகர்கள் பணம் கட்டினார்களோ அந்த இடமே நகர்ந்துபோனது. அதற்கு அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு கடமை இல்லை. அந்த டைரக்டரி 2014 டிசம்பரில் மொத்தமாக மூடப்பட்டது.

அதே யாகூவின் வெளிச்சத்தைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. அவர்களில் முதல் பெயர் கூகுள். 2000 ஜூனில், தொடங்கி இரண்டு ஆண்டுகூட நிறைவடையாத கூகுள் நிறுவனத்தை யாகூ தன் தேடல் சேவைக்குத் தேர்ந்தெடுத்தது. யாகூவில் தேடிய கோடிக்கணக்கானோருக்கு கூகுளின் திறன் அப்படித்தான் அறிமுகமானது. அதற்கு முன் யாகூவுக்குத் தேடல் முடிவுகளை வழங்கியது இங்க்டோமி என்ற நிறுவனம். அதன் தொழில்நுட்பமும் மதிப்புமிக்கதுதான்; ஆனால், பொதுமக்கள் நேரடியாக வந்து தேடும் சொந்தத் தளம் அதற்குக் கிடையாது. பெருந்தளங்களுக்குப் பின்னால் நின்று பரிமாறுவதே அதன் தொழில். யாகூ கைவிட்ட சில ஆண்டுகளிலேயே அது தளர்ந்து, 2003-ல் சுமார் 23.5 கோடி டாலருக்கு யாகூவிடமே விலைபோனது. கூகுளோ, யாகூவுக்குப் பரிமாறிக்கொண்டே தன் பெயரில் தன் முகவரியில் ஒரு வெள்ளைப் பக்கத்தையும் திறந்து வைத்திருந்தது. யாகூவில் ருசி கண்டவர்கள் அடுத்த முறை நேரே அங்கே போனார்கள். 2004 பிப்ரவரியில் யாகூ கூகுளை விலக்கிவிட்டுத் தன் சொந்தத் தொழில்நுட்பத்துக்கு மாறியபோது கூகுள் தடுமாறவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பங்குச் சந்தைக்கே வந்தது. தரம்தானே காரணம் என்று கேட்கலாம். தரம் ஒரு காரணம்தான். ஆனால், தரத்தைக் கண்டுகொண்ட வாசகர் திரும்பி வர ஒரு முகவரி வேண்டும். அது இருந்தவர் நிலைத்தார், இல்லாதவர் விலைபோனார்.

டைரக்டரியில் பெயர் பதிந்தவர்களுக்காவது வீடு தனியாக இருந்தது. விளம்பரப் பலகையைத்தான் இழந்தார்கள். வீட்டையே பெருந்தளத்துக்குள் கட்டிக்கொண்டவர்களின் கதை இன்னும் கடுமையானது. 1994-ல் தொடங்கப்பட்ட ஜியோசிட்டீஸ், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் அமைக்கலாம் என்று இடம் கொடுத்தது. தலைப்புவாரியாகப் பேட்டைகள், பேட்டைக்குள் வீட்டு எண் போல முகவரி. இலக்கியம், தத்துவம் பேசுவோருக்கு ஏதென்ஸ். சினிமா ரசிகர்களுக்கு ஹாலிவுட். 1999 ஜனவரியில் இதை ஏறத்தாழ 360 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்குவதாக யாகூ அறிவித்தது. அந்த ஆண்டின் நடுவிலேயே, பயனாளிகள் ஏற்றிய எழுத்தின்மீதும் படத்தின்மீதும் பரந்த உரிமை கோரும் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. பயனாளிகள் கொதித்தெழுந்து வெளியேறத் தொடங்கிய பிறகே பின்வாங்கியது. பேட்டை முகவரிகளும் வழக்கொழிந்தன. 2009 அக்டோபர் 26 அன்று ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. ஜப்பானில் மட்டும் 2019 மார்ச் வரை நீடித்தது. அழிந்த பக்கங்கள் கோடிக்கணக்கில். தன்னார்வலர்கள் இரவு பகலாகப் படியெடுத்துக் காப்பாற்றியது ஒரு பங்கைத்தான். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தப் பக்கங்களை எழுதியவர்களில் பெரும்பாலோரிடம் எறிவதற்கு ஒரு கந்தைகூட இருக்கவில்லை. இரவல் சேலை ஒன்றுதான் இருந்தது.

இந்த இழப்பு தமிழுக்கு வெளியே நடந்த ஒன்றல்ல. 2000-களின் தொடக்கத்தில் இணையத்தில் தமிழ் எழுத்து வளர்ந்த இடங்களில் முக்கியமானவை யாகூ குழுமங்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற குழுமங்களில் கதையும் கவிதையும் விமர்சனமும் சண்டையும் நாள்தோறும் நிறைந்தன. சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருந்த தமிழர்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்தது போன்ற காலம் அது. 2019 அக்டோபரில் யாகூ ஓர் அறிவிப்பு வெளியிட்டது: குழுமங்களில் சேர்ந்திருக்கும் பழைய மடல்களும் கோப்புகளும் டிசம்பரில் நீக்கப்படும். ஏறத்தாழ இருபது ஆண்டுச் சேகரத்துக்கு இரண்டு மாத அவகாசம். எதிர்ப்புக்குப் பிறகு தரவிறக்கம் செய்யக் கொஞ்சம் கூடுதல் காலம் கிடைத்தது. 2020 டிசம்பரில் சேவையே முடிந்தது. 2005-ல் தொடங்கிய யாகூ கேள்வி-பதில் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் பொறுமையாகப் பதில் எழுதி, கூடவே தங்கள் தளத்துக்கு ஓர் இணைப்பும் கொடுத்து வாசகரை ஈர்த்தார்கள். அது 2021 மே 4 அன்று மூடப்பட்டது. முன்னறிவிப்பு ஒரு மாதம். மடல்களைத் தேர்ந்தெடுத்துத் தனித் தளத்திலோ அச்சிலோ சேர்த்து வைத்தவர்களின் எழுத்து தப்பியது. மற்றவர்களின் எழுத்து, எழுதியவர் நினைவில் மட்டும் இருக்கிறது.

இதில் யாகூவைத் தீயவராகக் காட்டுவது என் நோக்கம் அல்ல. அப்படிப் பார்த்தால் பாடத்தைத் தவறவிடுவோம். 2021 ஆகஸ்ட் 26 அன்று இந்தியாவில் யாகூவின் செய்தி, கிரிக்கெட், நிதி, பொழுதுபோக்குப் பக்கங்கள் ஒரே நாளில் நின்றன. காரணம், டிஜிட்டல் செய்தி ஊடகங்களில் அந்நிய நேரடி முதலீடு 26 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற இந்திய விதி. அந்த முடிவில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும், அந்தப் பக்கங்கள் வழியாக வாசகரை எட்டிவந்த எல்லோருக்கும் அந்த வழி அன்றோடு அடைபட்டது. ஒரு சேவை நிற்பதற்கு லாபம் குறைந்தது காரணமாகலாம்; நிறுவனம் கைமாறியது காரணமாகலாம்; ஒரு நாட்டின் சட்டம் காரணமாகலாம்; இன்னொரு தொழில்நுட்பம் வந்தது காரணமாகலாம். இவை எதிலும் நம் எழுத்தின் தரத்துக்கு இடமில்லை. எவ்வளவு நன்றாக எழுதினாலும் மாற்ற முடியாத காரணங்களால் நின்றுபோகக்கூடிய ஒன்றின்மேல் முழு வாழ்வையும் ஏற்றி வைப்பதுதான் ஆபத்து.

யாகூ தோற்றுப்போன நிறுவனம், இன்றைய பெருந்தளங்கள் அப்படியல்ல என்று மறுப்பவர்கள் உண்டு. 2000-ன் தொடக்கத்தில் யாகூவின் சந்தை மதிப்பு 12,500 கோடி டாலரைத் தொட்டது. அன்றைக்கு அதுவும் அசைக்க முடியாததாகவே தெரிந்தது. 2017-ல் அதன் இணையத் தொழில் வெரைசான் நிறுவனத்துக்குச் சுமார் 448 கோடி டாலருக்குக் கைமாறியது. ஆனால், என் வாதம் தளம் வீழ்வதைப் பொறுத்ததே அல்ல. உச்சத்தில் இருக்கும் நிறுவனமும் தன் சேவைகளை மாற்றும், மூடும். கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நின்றது. அதன் வழியாகவே புதிய பதிவுகளை வாசித்துவந்தவர்களை வலைப்பதிவர்கள் இழந்தார்கள். இந்தியாவில் கொடிகட்டிப் பறந்த ஆர்குட் 2014-லும், கூகுள் பிளஸ் 2019-லும் மூடப்பட்டன. மூன்றும் கூகுள் செழித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தவை. செய்தி நிறுவனங்களைத் தன் தளத்துக்குள்ளேயே கட்டுரைகளை வெளியிடச் சொல்லி 2015-ல் அழைத்த ஃபேஸ்புக், 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று ஓட்டத்தைத் திருப்பியது. 2023-ல் அந்தக் கட்டுரைச் சேவையையே நிறுத்தியது. கனடாவில் செய்திக்குப் பணம் தரச் சொல்லும் சட்டம் வந்தபோது, 2023 ஆகஸ்ட்டிலிருந்து செய்தி இணைப்புகளையே ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா முடக்கியது. காட்டுத்தீ பரவி ஊர்களைக் காலிசெய்துகொண்டிருந்த நாள்களிலும் அந்த முடக்கம் விலகவில்லை.

இப்போது இன்னொரு மாற்றம் கண் முன்னால் நடக்கிறது. இதுவரை பெருந்தளம் செய்த வேலை, வாசகரை வாசலில் வரவேற்று நம் வீட்டுக்கு அனுப்பிவைப்பது. 2024 மே மாதம் அமெரிக்காவிலும் ஆகஸ்ட்டில் இந்தியாவிலும் கூகுள் அறிமுகப்படுத்திய செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்கள், பல தளங்களிலிருந்து எடுத்த விவரத்தைக் கோத்துத் தேடல் பக்கத்திலேயே பதிலைக் கொடுத்துவிடுகின்றன. கேள்வி கேட்டவர் அங்கேயே நின்று திருப்தியோடு திரும்பிவிடலாம். பதிலுக்கு அடியில் ஒரு மூலையில் நம் இணைப்பு இருக்கலாம். அதைத் தொடுவதற்கான தேவை குறைந்துவிட்டது. தன் பக்கத்தில் தன் சேவைக்கே நல்ல இடம் ஒதுக்கிக்கொள்ளும் ஆசை பெருந்தளங்களுக்குப் புதியதும் அல்ல. தேடல் முடிவுகளில் தன் சேவைகளுக்குச் சாதகமாக நடந்துகொண்டதாக 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகுள் மேல்முறையீட்டுக்குப் போனது. பொருள் விலை ஒப்பீட்டுச் சேவையில் அதேபோன்ற குற்றச்சாட்டுக்கு ஐரோப்பிய ஆணையம் 2017-ல் விதித்த 242 கோடி யூரோ அபராதத்தை 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் உறுதிசெய்தது. அபராதங்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் வாசகரை இழந்த சிறு தளத்துக்குத் தீர்ப்பு வந்து என்ன பயன்?

இதைக் கேட்டு, சிறியவர்களுக்கு வேறு வழி ஏது என்று நியாயமாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். விளம்பரத்துக்குப் பணம் இல்லை. விநியோகத்துக்கு ஆள் இல்லை. பெருந்தளங்கள் இல்லாவிட்டால் கடைக்கோடி ஊரில் இருந்து எழுதுபவரை டொரண்டோவில் இருப்பவர் எப்படிக் கண்டுகொள்வார்? உண்மை. அதனால்தான் பெருந்தளங்களைப் புறக்கணியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவற்றின் தேடலுக்கு ஏற்பத் தெளிவான தலைப்பு வைப்பதும், தளத்தின் வரைபடத்தைத் தேடுபொறிக்குக் கொடுப்பதும், ஃபேஸ்புக்கில் இணைப்பைப் பகிர்வதும், யூடியூபில் காணொளி போடுவதும் செய்ய வேண்டியவையே. சொல்வது அளவுகோலைப் பற்றி. இன்று எல்லோரும் பார்க்கும் எண், எத்தனை பேர் வந்தார்கள் என்பது. பார்க்க வேண்டிய எண், அந்தச் சேவை நாளைக் காலை நின்றுபோனால் எத்தனை பேர் நம் முகவரியைத் தேடி வருவார்கள் என்பது. தளத்தின் பெயரை நேரடியாகத் தட்டி வருபவர்கள், மின்னஞ்சல் கொடுத்துப் புதிய கட்டுரைகளைக் கேட்டு வாங்குபவர்கள், சந்தா கட்டியவர்கள், இன்னொருவர் எழுத்தில் நம் இணைப்பைக் கண்டு வருபவர்கள் ஆகியோரின் கூட்டுத்தொகைதான் நம் சொந்த வாசகர் எண்ணிக்கை. பத்தாயிரம் பேர் ஒருநாள் வந்துபோவதைவிட, இருநூறு பேர் மாதந்தோறும் திரும்பி வருவது ஒரு சிறு தளத்துக்குப் பெரிய செல்வம். பெருந்தளத்தில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் இந்த இருநூறை இருநூற்றைந்தாக்குகிறதா என்று கேட்டுப் பார்த்தால், எதைச் செய்வது, எதை விடுவது என்பது தானாகத் தெளிவாகும்.

கண்ணில் படுவதற்குப் பெருந்தளத்தின் தயவைவிடத் திறந்த தரங்களே வலுவான துணை என்பதைத் தமிழ் தன் அனுபவத்திலேயே கற்றிருக்கிறது. இணையத்துக்குத் தமிழ் வந்த தொடக்க காலத்தில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. தஸ்கி, டாம், டாப் என்று பல குறியேற்றங்கள். அந்தந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளாதவருக்குத் திரையில் தெரிந்தது புரியாத குறிகள், தேடுபொறிக்கும் அப்படித்தான். எவ்வளவு நல்ல கட்டுரையானாலும், தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடியவருக்கு அது அகப்படவே இல்லை. எல்லோரும் யூனிகோடுக்கு மாறிய பிறகுதான் தமிழ் எழுத்து தேடலுக்குள் வந்தது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுக் காலத்தில், யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது. அந்த மாற்றத்தை எந்தப் பெருந்தளமும் நமக்குப் பிச்சையாகப் போடவில்லை. எவர் ஒருவருக்கும் சொந்தமில்லாத பொதுத் தரத்தை நாம் ஏற்றுக்கொண்டோம், அவ்வளவுதான். 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியும் அப்படித்தான் இயங்கியது. பதிவுகள் அவரவர் இடத்திலேயே இருந்தன. திரட்டி அவற்றின் தலைப்பையும் சில வரிகளையும் திறந்த ஓடை வழியாக எடுத்துக் காட்டி, வாசகரை எழுதியவர் வாசலுக்கே அனுப்பியது. திரட்டியின் காலம் ஓய்ந்தபோதும் அந்தப் பதிவுகள் அதனோடு சேர்ந்து அழிய வேண்டியிருக்கவில்லை. பெருந்தளமும் சிறுதளமும் நியாயமாக உறவாடக்கூடிய முறைக்கு இது நல்ல சான்று.

சொந்தத் தளம் மட்டும் சாகாதா என்று இன்னொரு மறுப்பு எழலாம். சாகும். டொமைன் கட்டணத்தைக் கட்ட மறந்தால் முகவரி போய்விடும். நடத்தியவர் காலமானால் சர்வரும் அணைந்துவிடும். ஆனால், அந்தச் சாவைத் தடுக்க நம்மால் ஏதேனும் செய்ய முடியும் என்பதே வேறுபாடு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்குச் சாட்சி. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் சேர்த்த தமிழ் நூல்கள் தொடக்க காலத்தில் தஸ்கி போன்ற பழைய குறியேற்றங்களில் இருந்தன. பிறகு யூனிகோடுக்கு மாறின. கோப்புகள் தங்கள் கையில் இருந்ததால், தரம் மாறியபோது அவர்களும் மாற முடிந்தது. அது தொடங்கிய ஆண்டில் இணையத்தின் அரசனாக இருந்த யாகூவின் டைரக்டரி இன்று இல்லை. மதுரைத் திட்டத்தின் நூல்கள் இருக்கின்றன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் திட்டமும் அப்படியே. யாழ்ப்பாண நூலகம் 1981-ல் எரிந்ததைக் கண்ட சமூகம், ஆவணம் ஓரிடத்தில் மட்டும் இருக்கக் கூடாது என்பதை வலியோடு கற்றது. பெரும் பணமோ பெருந்தளத்தின் அருளோ இவற்றைக் காக்கவில்லை. படி தன் கையில் இருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்க வேண்டும், எவரும் திறக்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும் என்ற மூன்று எளிய ஒழுக்கங்கள்தான் காத்தன. ஒரு பள்ளி ஆசிரியரும் இவற்றைக் கடைப்பிடிக்க முடியும்.

தனியாட்களின் ஒழுக்கம் மட்டும் போதாது, விதியும் வேண்டும். 2020 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் உள்ள ஒழுங்குமுறை, தேடல் வரிசையைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணிகளைத் தளங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. தம்மை நம்பித் தொழில் செய்வோருக்கான விதிகளை மாற்றும்போது இடைத்தளங்கள் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஒருவரை நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. இந்தியாவில் இதற்கு இணையான பாதுகாப்பு இல்லை. தன் தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் உரிமை 2019-ன் தனிநபர் தரவு மசோதாவில் இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. அந்த உரிமை திரும்ப வேண்டும். மக்கள் ஏற்றிய உள்ளடக்கத்தைக் கொண்ட எந்தச் சேவையும் மூடப்படும் முன் குறைந்தது ஓராண்டு அவகாசமும், முழுவதையும் ஒரே முறையில் இறக்கிக்கொள்ளும் வசதியும் கட்டாயமாக வேண்டும். விதி கூடினால் புதிய சேவைகள் வராது என்பார்கள். வாடகைதாரருக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற சட்டம் வந்ததால் வீடு கட்டுவது நின்றுவிடவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற பொது நிறுவனங்கள், அச்சு நூல்களைப் பாதுகாப்பதைப் போலவே தமிழ் இணையதளங்களையும் முறையாகப் படியெடுத்து வைக்கும் பணியைக் கையில் எடுக்க வேண்டும். யாகூ குழுமங்களுக்கு நேர்ந்தது இன்றைய தளங்களுக்கும் ஒருநாள் நேரும். அன்றைக்கு இரண்டு மாத அவகாசத்தில் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

2000-ஆம் ஆண்டில் யாகூ என்ற ஒரே வாசலில் இங்க்டோமி, கூகுள் என இரண்டு நிறுவனங்கள் நின்றன. இரண்டுமே அறிவாளிகள் கட்டியவை. இரண்டுமே அந்த வாசலின் வெளிச்சத்தால் பயன்பெற்றவை. ஒன்று வாசலையே வாழ்விடமாகக் கொண்டது. மற்றொன்று வந்தவர்களிடம் தன் முகவரியைச் சொல்லி அனுப்பியது. தமிழில் இன்று எழுதும், விற்கும், கற்பிக்கும் ஆயிரக்கணக்கான சிறு தளங்கள் அதே போன்ற ஒரு வாசலில் நிற்கின்றன. அவர்களின் உழைப்பு வீணாகக் கூடாது என்ற அக்கறையில்தான் இதைச் சொல்கிறேன். அடுத்த கட்டுரையைப் பெருந்தளத்தில் பகிரும் முன், அதன் மூலப்படியைச் சொந்தத் தளத்தில் ஏற்றுங்கள். கட்டுரையின் முடிவில் வாசகர் மின்னஞ்சல் முகவரியைப் பதிந்துகொள்ள ஓர் இடம் வையுங்கள். மாதம் ஒருமுறை அனைத்தையும் ஒரு வன்தட்டில் படியெடுங்கள். அரை மணி நேர வேலை. வாசல் மூடும் நாளில் கையில் மிஞ்சப்போவது இதுதான்.